எலும்பு வத்தல்

“…எலும்பும் குடுக்கக் கூடாதுன்னா அது எங்கிட்ட எதுக்குடா வரப்போகுது? என் மூஞ்சியப் பாக்கவா?”

என் அக்கா இதைக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருக்கும் அரைச்சுவரின் அந்தப் பக்கம் நின்றுகொண்டு. இந்தப் பக்கம் நான், கையில் செய்தித்தாளில் சுற்றிய பச்சை எலும்போடு. சுவரில் கல் பெயர்ந்த ஓட்டையில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு, எந்தக் கட்சியில் சேருவது என்று முடிவெடுக்காமல் எங்கள் நாய்.

இதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று சொல்வதற்கு முன்னால் வத்தலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மாத்தளையில் அம்மன் கோயில் மாசி மகத்துக்குக் கொடி ஏறிவிட்டால் எங்கள் சந்தில் மீன்காரரின் சைக்கிள்கூட ஹோர்ன் அடிக்காமல் போகும். தேர் ஊர்வலம் முடியும்வரை எல்லோரும் சைவம். நாய்க்கு மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை. ஒரு வருடம் அதற்கும் சாம்பார் சோறு வைத்துப் பார்த்தோம். மரியாதையாகத் தின்றது. தின்றுவிட்டு நேராகப் பின்தெரு சாப்பாட்டுக் கடைக்குப் போய், ஒரு கோழிக்காலைக் கவ்விக்கொண்டு வந்து, அக்கா வாசலில் போட்ட கோலத்தின் நட்டநடுவில் வைத்தது.

“படைக்கிற மாதிரி வெச்சிருக்கு பாரு!” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் அவள் முன்கூட்டியே தயாரானாள். கொடியேற்றத்துக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே ஞாயிற்றுக்கிழமைக் கறியின் கோழி எலும்புகளைச் சேர்த்தாள். கழுவினாள். கொல்லையில் மூன்று கல்லை வைத்து, பழைய சட்டியில் உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்தாள். பிறகு சுளகில் பரப்பித் தகரக் கூரைமேல் வெயிலில் காயவைத்தாள். காக்கை விரட்ட ஒரு கம்பும் வைத்திருந்தாள்.

“என்னாக்கா, வடகமா?” என்று முன்வீட்டுப் பெண் கேட்டாள்.

“நாய்க்கு வத்தல்.”

எனக்கு விளக்கம் தனியாகக் கிடைத்தது. “வேக வெச்சி, மஞ்சப் போட்டு, வெயில்ல காஞ்சிருச்சின்னா அதுல என்னடா மாமிசம் இருக்கு? மொளகா வத்தலும் இதும் ஒன்னுதான். ஒரு நாத்தம் உண்டா, மோந்து பாரு.”

மோந்து பார்த்தேன். நாற்றம் இல்லைதான். பச்சை எலும்பையே கொடுத்தால் என்ன என்று கேட்டதற்கு, “ரத்த ருசி புடிச்சிரும்டா. அப்பறம் மனுசனக் கடிக்கும்” என்றாள். தபால்காரர் தன்னைத் தாண்டிப் போக வசதியாகக் கொஞ்சம் நகர்ந்து படுக்கும் நாயைப் பற்றித்தான் இந்தப் பயம்.

அக்காவின் கணவர் தவறிய பிறகு அவள் அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். மூத்த மகன் கட்டாரில், இளையவன் கொழும்பில். இருவரும் போனில் நன்றாகப் பேசுவார்கள். சாப்பிட்டியாம்மா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காத அளவுக்கு நன்றாக. அதனால் சாயங்காலமானால் சுவரின் ஓட்டை வழியாக எங்கள் நாய் போகும். அக்கா பின்வாசல் படியில் உட்கார்ந்து ஒவ்வொரு எலும்பாகக் கொடுத்துக்கொண்டே, போஞ்சிக்காய் விற்கும் விலை முதல் மருமகள் போனை வைத்த விதம் வரை எல்லாவற்றையும் அதனிடம் சொல்வாள். எங்கள் குடும்ப இரகசியங்கள் என்னைவிட அதற்குத்தான் அதிகம் தெரியும்.

திருவிழா நடுவில் ஒரு பின்னேரம் நாய் வாயைத் திறந்தபடி எச்சில் ஒழுக ஓடி வந்தது. முன்னங்காலால் முகத்தைப் பிறாண்டியது. தலையைச் சுவரில் தேய்த்தது. அக்கா பின்னாலேயே ஓடி வந்து பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

“கண்ணு பட்டிருச்சிடா! வத்தல் காயப்போடறத ஊரே பாத்திச்சில்ல!”

உப்பும் காய்ந்த மிளகாயும் சுற்றி நெருப்பில் போட்டாள். நாய் இருமியது, நான் இருமினேன், அக்காவும் இருமினாள். நாயின் வாயில் இருந்தது மட்டும் அசையவில்லை. நாயைச் சாக்கில் சுற்றித் த்ரீவீலில் போட்டுக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனேன்.

வைத்தியர் ஒரு சிங்களப் பெண்மணி. வாயைப் பிளந்து டோர்ச் அடித்துப் பார்த்தார். மேல்வாயில் இந்தப் பக்கப் பல்லுக்கும் அந்தப் பக்கப் பல்லுக்கும் நடுவில் பாலம் போட்டது மாதிரி எலும்புத் துண்டு ஒன்று குறுக்காக இறுகியிருந்தது. குறடால் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் ஊசி மாதிரி கூர்.

“சமைச்ச எலும்பு எப்பா, எப்பாமய்” என்றார், வேண்டாம், வேண்டவே வேண்டாம் என்று. சமைத்தால் எலும்பு கண்ணாடி மாதிரி உடையும், இது வாயில் சிக்கியது அதிர்ஷ்டம், குடலில் குத்தியிருந்தால் நாய் தப்பியிருக்காது என்று சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். சமைத்தது மட்டுமல்ல, வெயிலில் நன்றாகக் காயவும் வைத்தோம் என்று நான் சொன்னேன்.  ஏன் என்று கேட்டார். என் சிங்களம் வத்தல் வரைக்கும் போனது. விரதம் வரைக்கும் போகவில்லை.

பிறகு அவர் சொன்னது இது: கொடுப்பதென்றால் பச்சையாகக் கொடு. வாய்க்குள் முழுதாகப் போக முடியாத அளவுக்குப் பெரிதாக, குருத்தெலும்போடு இருக்கிற முட்டியாகக் கொடு. வளையமாக அறுத்த எலும்பு வேண்டாம், கீழ்த்தாடையில் மோதிரம் மாதிரி மாட்டிக்கொள்ளும். நாய் கடிப்பதற்கென்று கடையில் விற்கும் சாமான் வாங்கினால் பெருவிரல் நகத்தால் அழுத்திப் பார், கொஞ்சம்கூடத் தடம் விழாவிட்டால் அது பல்லை உடைக்கும். கடிக்கிற நேரம் முழுக்கப் பக்கத்திலேயே இரு, சின்னதாகிவிட்டால் எடுத்துவிடு. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மாட்டு முட்டிதான் ரொம்ப நல்லது என்றார். அங்கே தலை தானாக நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன்.

“மாட்டெலும்பு இந்தச் செவரத் தாண்டட்டும், அப்பறம் தெரியும்” என்றாள் முதலில். பிறகு என் உள்ளங்கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். மஞ்சள் நிறம் இன்னும் போகவில்லை. “அப்ப நாந்தான் வெசம் வெச்சேங்குற.”

“நான் அப்பிடிச் சொல்லலியேக்கா.”

“நீ சொல்லுவியா? நீ டொக்டரச் சொல்ல வெப்ப.” உள்ளே போய்ப் பின்கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் நாய் வழக்கம்போல ஓட்டை வழியாகப் போய், சாத்திய கதவுக்கு வெளியே படியில் கிடந்த சாக்கில் படுத்துக்கொள்ளும். உள்ளே அக்கா என் மனைவிக்குப் போன் போட்டு, “பாத்தியா, எலும்பு இல்லன்னதும் எட்டிக்கூடப் பாக்கல” என்பாள். கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு ஒருவர் வரவில்லை என்று சொல்வதற்கு அக்காவுக்கு மட்டும்தான் வரும்.

நான் டவுனில் செல்லப்பிராணிச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். நாய் கடிப்பதற்கென்று மனிதர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பதை அங்கேதான் பார்த்தேன். தோலை முறுக்கி முடிச்சுப் போட்ட ஒன்றை வாங்கி வந்து, சந்தேகத்தில் ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டு வைத்தேன். காலையில் அது ஊறிப் பருத்து, தம்ளரை விட்டு வெளியே வரமாட்டேன் என்றது. வயிற்றுக்குள்ளும் அதையேதான் சொல்லும் என்று தூக்கி எறிந்தேன். இன்னொன்றை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். நகம்தான் உடைந்தது.

“ஒடையவே ஒடையாது சார், லைப்டைம்” என்றார் கடைக்காரர்.

“யாரோட லைப்டைம்?”

அவர் சிரிக்கவில்லை. நல்ல ரப்பர் எலும்பு ஒன்றும் வாங்கினேன், நகத்துக்கு இடம் கொடுத்தது. நாய் அதைக் கவ்விக்கொண்டு போய்க் கறிவேப்பிலைச் செடிக்குக் கீழே முறையாக அடக்கம் செய்தது. கடைசியில் கெரட்டைத்தான் ஆசையாகக் கடித்தது. “நாயா வளக்கறான், முயலா?” என்று சாத்திய கதவுக்குள்ளிருந்து குரல் வந்தது.

தேர் ஓடி, விரதம் முடிந்து, வந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மார்க்கெட்டில் ஆட்டிறைச்சிக் கடைக்குப் போனேன். பையில் ஒரு சப்பாத்துக் கயிறு. அதில் நாயின் வாயை அளந்து முடிச்சுப் போட்டிருந்தேன்.

“நானா, கெடா ஆட்டுத் தொட எலும்பு, முட்டியோட. வெட்ட வேணாம்.”

“சூப்புக்கா?”

“நாய்க்கு.” கயிற்றை எடுத்து முட்டியில் வைத்து அளந்தேன்.

கடைக்கார நானா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். “அளவெல்லாம் சரி. சாதகம் கொண்டாந்தீங்களா, பொருத்தம் பாக்க?”

பின்னால் நின்ற அம்மாள் பெருமூச்சு விட்டார். “எங்க வீட்டு மனுசனுக்குக்கூட நான் இவ்ளோ பாத்து வாங்கினதில்ல.”

அதை வாங்கிக்கொண்டு நேராக அரைச்சுவருக்கு வந்து, அக்காவைக் கூப்பிட்டேன். வைத்தியரிடம் போய் வந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக எனக்குக் கதவு திறந்தது. கையில் மிச்ச வத்தல் போட்ட டின். “இது ஆடுதான்க்கா, மாடில்ல. ஆனா அந்த வத்தல் இனி வேணாம். சமைச்ச எலும்பு எதுவுமே வேணாம்” என்றேன். பச்சை எலும்பை அவள் நாய்க்குக் கொடுக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள், அது எங்கிட்ட எதுக்குடா வரப்போகுது என்று.

 அவளுக்குப் பின்னால் படியில் கிடந்த சாக்கைக் காட்டினேன். நடுவில் வட்டமாகக் குழிந்து, பழுப்பு மயிர் அப்பியிருந்தது. “கதவுக்கு வெளிய எத்தன நாளா படுத்திருக்குன்னு நெனச்ச?”

அக்கா திரும்பிச் சாக்கைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள். வத்தல் டின்னை என் பக்கம் சுவர்மேல் வைத்தாள். என் கையிலிருந்த செய்தித்தாளை வாங்கிப் பிரித்து எலும்பை எடுத்தாள். முட்டியின் குருத்தைப் பெருவிரல் நகத்தால் அழுத்தினாள்; இந்தப் பரீட்சையை என் மனைவியிடம் போனில் கேட்டுத் தெரிந்து வைத்திருக்கிறாள். உள்ளே போய் மஞ்சள் போத்தலோடு வந்து, எலும்பு முழுக்க நன்றாகத் தடவினாள்.

“ரத்த ருசிக்கு” என்றாள்.

வெற்றுச் செய்தித்தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். படியில் உட்கார்ந்து சேலையை ஒதுக்கிக்கொண்டாள். எலும்பின் ஒரு முனையை விடாமல் பிடித்துக்கொண்டு மறுமுனையை நாயிடம் நீட்டி, போஞ்சி விலையிலிருந்து ஆரம்பித்தாள்.