அடுப்பில் போட்ட மிளகாய்

தம்பிக்குப் பல் முளைக்கிற வயசில் காய்ச்சல் கண்டது. பால் கொடுத்தால் கக்கினான். அப்போது மலையாளத்துப் பக்கம் கொச்சங்காடியில் மிளகாய் குடோனை ஒட்டி எங்களுக்கு ஒரே அறை. அப்பா அங்கே மூட்டை சுமந்தார். அம்மா வத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளப் போனாள்.

அம்மா உப்பும் மிளகாயும் எடுத்துத் தம்பியைச் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி கிளம்பி வீடே இருமினால் குழந்தைக்கு ஒன்றுமில்லை. நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது. மிளகாய் கருகியது. ஒருத்தரும் இருமவில்லை.

"பாத்தீங்களா, ஒரு தும்மல் இருக்கா? எல்லாம் பிள்ளையில்லாதவ கண்ணு!" என்றாள் அம்மா.

பக்கத்து அறைச் சேச்சியைத்தான் சொன்னாள். தம்பி அதுவரை பாதி நேரம் அந்தச் சேச்சியின் இடுப்பில்தான் இருந்தான். அன்றோடு அவளுக்குக் கதவு அடைபட்டது. சாயங்காலமானால் வாசலில் வந்து நிற்பாள்.

"மோனை ஒரு தடவ பாத்துட்டுப் போறேன் அக்கா. தொட மாட்டேன்."

அம்மா உள்ளேயிருந்து, "தூங்குறான்னு சொல்லுடி" என்பாள். நானும் சொல்வேன். உள்ளே தம்பி அழுவது சேச்சிக்கும் கேட்கும்.

டாக்டரிடம் காட்டலாம் என்று அப்பா மெல்ல இழுத்தார். கண் கழியாமல் மருந்து பிடிக்காது என்று அம்மா மறுபடியும் மிளகாயைச் சுற்றினாள். அந்த நேரம் பார்த்து அப்பாவின் தங்கை, பாலக்காட்டு அத்தை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினாள். நிலைப்படியில் ஒரு கால்தான் வைத்தாள். கையிலிருந்த பை விழுந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே மடங்கி உட்கார்ந்தாள். மூக்கு ஒழுகுகிறது, கண் செக்கச்செவேல் என்று பிதுங்குகிறது, மூச்சு உள்ளே போக மாட்டேன் என்கிறது. அத்தை செத்துப்போகிறாள் என்று நான் அலறினேன். அதே புகைக்குள் நின்று ஒரு செருமல்கூட இல்லாமல் நாங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூச்சு திரும்பியதும் அத்தை கத்தினாள்: "அடப்பாவிகளா! இந்த நெடியிலயா பச்சப்பிள்ளையப் போட்டு வச்சிருக்கீங்க? உங்களுக்கெல்லாம் தொண்டையா, தகரமா?"

"நெடியா?" என்றாள் அம்மா.

அடுப்படிக்குப் போய் ஒரு பிடி மிளகாயை அள்ளித் தணலில் போட்டாள். புகைமேல் முகத்தைக் கவிழ்த்து, வாயைத் திறந்து இழுத்தாள். இன்னொரு தரம் இழுத்தாள். "வேண்டாம் அண்ணி!" என்று அத்தை தெருவில் நின்று இருமுகிறாள். அம்மா நிமிர்ந்தபோது கண்ணில் பொட்டு ஈரம் இல்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது. திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவனும் இருமாமல் முழித்துக்கொண்டு கிடந்தான்.

"சேச்சியக் கூப்பிடு" என்றாள் என்னிடம்.

சேச்சி தலையைக்கூட முடியாமல் ஓடி வந்தாள். அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தம்பியைத் தூக்கி அவள் கையில் வைத்து, "ஆஸ்பத்திரிக்குப் போகணும். நீயே தூக்கிட்டு வா" என்றாள்.

தம்பி பிழைத்துக்கொண்டான். சூடு பட்டால் சொல்கிற நரம்புதான் மிளகாய் பட்டாலும் எரிகிறது என்று சொல்லுமாம். ஓயாமல் பட்டுக்கொண்டிருந்தால் அது மரத்துப்போகுமாம். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை அப்பா வந்து சொன்னார். எனக்கு அதெல்லாம் ஏறவில்லை.

அன்று அம்மா தம்பியைக் கையில் வைத்தபோது நான் பார்த்தது சேச்சியைத்தான். அடுப்பில் மிளகாய் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. தம்பியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள், கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. பாவம், இவளுக்கும் நெடி ஏறிவிட்டது என்று நினைத்து, ஓடிப்போய் முறத்தை எடுத்து வந்து அவளுக்கு வீசினேன். அவளும் என் அம்மாவோடு ஒரே சாக்கில் உட்கார்ந்து வருஷக்கணக்காகக் காம்பு கிள்ளியவள் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.