சோப்புப் போட்டுக் கழுவிய பாறை

ஊரில் எல்லோருக்கும் நீர்நாய் காட்சி கொடுத்திருந்தது, பாங் ஓக்ரானைத் தவிர. மீன் வறுக்கிற கடைக்காரி பார்த்திருக்கிறாள். ஓடையைப் பற்றி ஒரு நாளும் கவலைப்படாத ஓக்ரானின் கணவர் கில்சுவே பார்த்திருக்கிறார், அதுவும் குடித்துவிட்டுப் பாலத்தடியில் ஒதுங்கியபோது. யாருக்கு எது கிடைக்கிறது என்பதில் இந்த உலகத்தில் நியாயமே கிடையாது.

"மீசையில தண்ணி சொட்டச் சொட்ட என்னையே மொறச்சுப் பாத்துச்சு. அப்படியே உங்கம்மா மூஞ்சி," என்பார் கில்சு, மக்கொல்லி என்கிற அரிசிக் கள் உள்ளே போனதும்.

"போதும், வாய மூடுங்க," என்று ஓக்ரான் எரிந்து விழுவாள். எல்லாம் பொறாமைதான்.

அவள் சலவைக் கடை வைத்திருப்பவள். கடை திறக்குமுன் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடைக்குப் போய், நீர்நாய் வந்துபோன அடையாளங்களை, தான் சேர்ந்திருந்த கண்காணிப்புக் குழுவுக்காகப் போனில் ஒரு படிவத்தில் பதிவது பல வருஷப் பழக்கம். குட்டியா, வளர்ந்ததா? தெரியவில்லை. ஆணா, பெண்ணா? தெரியவில்லை. ஆதாரம்? எச்சம், சில நாள் காலடி. நேரில் கண்டீர்களா? இல்லை. அந்த 'இல்லை'யைத் தொடும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு கனக்கும். ஓடைப் பாறைமேல் கிடக்கும் மீன்முள் கலந்த எச்சத்தைக் குனிந்து முகர்ந்து, ராத்திரி இங்கேதானே நின்றிருக்கிறது என்று ஏங்குவாள். காதலிக்கிற வயசுப் பிள்ளைகள்கூட இவ்வளவு ஏங்கமாட்டார்கள்.

பதிந்து முடித்ததும் பாறையில் தண்ணீர் ஊற்றி எச்சத்தைக் கழுவிவிடுவது அவர்கள் குழுவின் வழக்கம். அப்போதுதான் அடுத்த முறை இருப்பது புதிது என்று தெரியும். பனி உருகிய சமயம் ஒரு நாள், காய்ந்து ஒட்டியிருந்த எச்சம் எத்தனை தண்ணீர் ஊற்றியும் போகவில்லை. ஓக்ரான் கடைக்கு ஓடிப்போய்ச் சோப்புத்தூளும் பிரஷ்ஷும் கொண்டுவந்து பாறையைப் பளபளவென்று தேய்த்துவிட்டாள். தொழில் புத்தி எங்கே போகும்?

அதோடு எச்சம் நின்றுபோனது.

"சோப்பா?" குழுவை நடத்துகிற சாங்ஹோ தலையில் கை வைத்துக்கொண்டான். "அக்கா, அது தன் வாசனைய விட்டுட்டுப் போற எடம். நீங்க லாவெண்டர் வாசனை போட்டு வெச்சிருக்கீங்க! நாளைக்கு இஸ்திரியும் போட்டுடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளால் முடியவில்லை. தினமும் போய் வாளி வாளியாகப் பாறையில் ஓடைத் தண்ணீரை ஊற்றினாள். செர்ரிப் பூ பூத்து உதிர்ந்தும் போனது. பாறை சுத்தமாகவே இருந்தது.

"நாந்தான் வெரட்டிட்டேன்," என்றாள் ஒரு நாள், சோற்றைக் கரண்டியால் அளைந்தபடி.

கில்சு அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை. "வேற ஓடை பாத்துப் போயிருக்கும். விட்டுத் தள்ளும்மா."

"எப்படிங்க விடறது? நான் இன்னும் பாக்கவே இல்லையே!"

பாறையில் பிரயோசனமில்லை என்று, அவள் ஓடையின் மேல்பக்கம் நாணல் அடர்ந்த இடங்களில் தேட ஆரம்பித்தாள். ஒரு காலையில், சாய்ந்த வில்லோ மரத்தடியில், ஈரச் சேற்றில் பெரிய காலடி ஒன்று. அதை ஒட்டிச் சின்னச் சின்னக் காலடிகள், தட்டில் சிந்திய பட்டாணி போல. உடனே போனில் சாங்ஹோவைக் கூப்பிட்டாள்.

"சின்னதும் இருக்கா? அப்ப அது பொண்ணு, அக்கா! குட்டி போட்டிருக்கா. குட்டி சின்னதா இருக்கறப்ப வெளிய எச்சம் போடமாட்டா, தண்ணிக்குள்ளயே போயிடுவா, எடம் தெரிஞ்சிடக் கூடாதுன்னு. உங்க சோப்பு ஒண்ணும் பண்ணல!"

அவள் வாய் திறக்குமுன், நாணலுக்குள் மெல்லிய சீழ்க்கை கேட்டது. இன்னொரு சீழ்க்கை பதில் சொன்னது. கை நீட்டினால் எட்டும் தூரம்.

"தம்பி... இங்கதான் இருக்காங்க. நாணல வெலக்கினா தெரியும்."

சாங்ஹோவும் குரலைத் தாழ்த்தினான். "ஆள் கை பட்ட எடத்துல அவ தங்கமாட்டா. குட்டிங்கள வேற எடத்துக்குத் தூக்கிட்டுப் போறப்ப ஒண்ணு ரெண்டு செத்துப்போகலாம். இத்தன வருஷமா காத்திருந்தவங்க நீங்க. உங்க இஷ்டம்."

ஓக்ரான் கையை நீட்டினாள். நாணலின் நுனி விரலில் பட்டது. அப்படியே இழுத்துக்கொண்டாள். வந்த தடத்திலேயே கால் வைத்துப் பின்வாங்கி, பாலம் வந்தபிறகுதான் மூச்சு விட்டாள்.

பெண். குட்டிகளோடு. ஆதாரம்: காலடி, குரல். நேரில் கண்டீர்களா? இல்லை.

"அழறீங்களா, அக்கா?" சாங்ஹோ இன்னும் போனில்தான் இருந்தான்.

"சந்தோஷந்தான்டா," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஆனா பாக்கணும் போலவே இருக்கு."