பாத்திமாவுக்கு அடுத்த மெஷின்

1

கைக்கட்டைப் பிரித்துவிட்டுப் பனியன் கம்பெனிக்குப் போன முதல் நாள், என் பேட்லாக் மெஷினில் பீகார்க்காரத் தம்பி ஒருவர் உட்கார்ந்திருந்தார். நல்லூரில் வண்டியிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவள் நான். தையல் லைன் எனக்காக நிற்குமா என்ன?

பக்கத்து ஓவர்லாக் மெஷினில் பாத்திமா. டி-ஷர்ட்டுக்கு அவள் சைடு தையல் அடித்துத் தள்ளுவாள், நான் வாங்கிப் பேட்லாக்கில் பாட்டம் ஓரத்தை மடித்து அடிப்பேன். அவள் பீஸ் வரும் நேரத்துக்கு என் கை அங்கே இருக்கும். வருஷக்கணக்காக அப்படித்தான். கட்டோடு வீட்டில் கிடந்தபோது வலியைவிட அதை நினைத்துத்தான் அழுதேன்.

சூப்பர்வைசர் தம்பி என்னை உட்காரவைத்துப் பார்த்தார். மெதுவாக அடித்தால் மடிப்பு நேராக வந்தது, ஆனால் பாத்திமா தள்ளிய பீஸெல்லாம் என் முன்னால் குவிந்துவிட்டது. பெடலை அழுத்தினால் தையல் பாம்பாக நெளிந்தது.

"எக்ஸ்போர்ட் ஆர்டருங்க அக்கா, நெளிஞ்சா திருப்பி உட்ருவாங்க. கை சரியாகற வரைக்கும் சாம்பிள்ல உக்காருங்க."

2

மாதிரி பீஸ் மட்டும் தைக்கிற சாம்பிள் செக்‌ஷனில் அவசரம் கிடையாது. ஆற அமர ஒவ்வொரு பீஸாக நேராக அடித்தேன். அந்த செக்‌ஷன் மாஸ்டர் மெச்சினார், எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்படியே பழகினால் வேகம் தானாக வந்துவிடும் என்று நம்பினேன். வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பெடலை அழுத்திப் பார்த்தால் பழையபடி பாம்புதான்.

ஒருநாள் பாத்திமா டிபன் டப்பாவோடு வந்து பின்னால் நின்று பார்த்தாள்.

"ஏம்புள்ள, துணியத் தள்ளிக்கிட்டே இருக்கற. முன்னெல்லாம் மெசினு இழுக்கும், நீ உட்டுக் குடுப்ப."

அப்போதுதான் உறைத்தது. மெதுவாக அடிக்கிற கை வேறு, ஓட்டத்தில் அடிக்கிற கை வேறு. இத்தனை நாளும் எனக்கு வேண்டாத கையை அல்லவா பழக்கிக்கொண்டிருந்தேன்! அன்றிலிருந்து வேஸ்ட் துணியில் ஃபுல் பெடல்தான். கோணினால் கோணட்டும் என்று விட்டேன். கூடை நிறையக் கோணல். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேரானது.

புதிதாக மெஷினில் உட்காருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். துணி பிடிக்கவும் மடிக்கவும் மெதுவாகவே பழகுங்கள். அது வந்த பிறகும் மெதுவாகவே அடித்துக்கொண்டிருந்தால், மெதுவாக அடிக்கத்தான் வரும். வேஸ்ட் துணி எதற்கு இருக்கிறது? அதில் கோணினாலும் பரவாயில்லை என்று வேகமாக அடித்துப் பழகுங்கள்.

3

லைனுக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். சந்தோஷமாக ஓடினேன். சூப்பர்வைசர் சொன்னார்:

"அந்த மெசின்ல தம்பி நல்லா செட்டாயிட்டாருங்க அக்கா. எதிர் லைன்ல ஒண்ணு காலியா இருக்குது, அங்க உக்காந்துக்குங்க."

பீகார்க்காரத் தம்பியைக் குறை சொல்ல முடியாது. அவர் வேலை சுத்தம். அவருக்குத் தமிழ் வராது, பாத்திமாவுக்கு இந்தி வராது. ஆனாலும் அவள் தள்ளுகிற பீஸ் ஒரு நொடிகூட மேஜையில் நிற்பதில்லை. எதிரே உட்கார்ந்து பார்க்கிறேன்.

கை மட்டும் பழையபடி ஆகிவிட்டால் போதும் என்று நினைத்துத்தான் அத்தனை துணியைக் கோணலாக்கினேன். கை சரியாகிவிட்டது. பாத்திமா பக்கத்தில் உட்கார வேண்டும் என்கிற ஆசைதான் இன்னும் அடங்கவில்லை.