அடுக்குமொழியில் ஒரு வீட்டுப்பாடம்

தம்பி மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. கஷாயம் குடித்துப் போர்த்திப் படுத்ததும் போய்விட்ட சாதாரணக் காய்ச்சல்தான். ஆனால் எங்கள் பள்ளிக்கூடம் அந்தக் காய்ச்சலை வெகு காலம் மறக்கவில்லை. காரணம், அதற்காக எழுதப்பட்ட விடுப்பு விண்ணப்பம். அப்பா சொல்லச் சொல்ல, ஐந்தாம் வகுப்பில் இருந்த நான் கோடு போட்ட தாளில் எழுதினேன். "காய்ச்சல் என்னும் கொடுங்கோலன் என் கட்டழகு மேனியைக் கைப்பற்றிக் கோலோச்சுகின்ற காரணத்தால், கல்விக் கோயிலின் கதவைத் தட்ட இயலாமல் கண்கலங்கிக் கட்டிலில் கிடக்கிறேன்" என்று தொடங்கி அது இரண்டு பக்கம் போகும். எங்கள் வீட்டில் கட்டில் கிடையாது. தம்பி பாயில்தான் படுத்திருந்தான். தலைமையாசிரியை, எங்களுக்குப் பெரிய டீச்சர், எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்து அதை உரக்க வாசித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு அடியில் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி எழுதி என்னிடம் கொடுத்தனுப்பினார்: "விடுமுறை எத்தனை நாளைக்கு வேண்டும்?"

அப்பா அந்தக் கேள்வியைப் பார்க்கவே இல்லை. "கைதட்டுனாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அப்பா ஊர்ப் பண்ணையின் மூன்று மா நிலத்தை, ஒரு ஏக்கர் இருக்கும், குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். அது அவர் வயிற்றுப்பாடு. உயிர் என்னவோ மேடையில் இருந்தது. முத்துப்பேட்டைச் சாலையை ஒட்டிய எங்கள் பக்கத்து ஊர்களில் கட்சிக் கூட்டம் என்றால், தலைமைப் பேச்சாளரின் கார் வரும் வரை கூட்டம் கலையாமல் பிடித்து வைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அப்பா. கார் தாமதமானால் அவருக்குக் கொண்டாட்டம். ஒருமுறை கார் டயர் வெடித்து வழியில் நின்றுவிட, அப்பா தொண்டை கட்டும் வரை பேசித் தீர்த்தார். அன்றிரவு வீட்டுக்கு வந்தவர் சைகையிலேயே சோறு கேட்டார். அந்தக் காலத்தில் ஆட்சிக்கு வந்தவர்கள் பேச்சாலேயே வந்தவர்கள் என்று அவர் உறுதியாக நம்பினார். ஒரே எழுத்தில் தொடங்கும் ஏழெட்டுச் சொற்களை வரிசையாக நிறுத்திவிட்டால் எந்தக் கதவும் திறக்கும் என்பது அவர் கணக்கு.

இந்த நிலையில்தான் பெரிய டீச்சர் பெற்றோரைக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதுகிறார்கள். சொந்தமாக நாலு வரி எழுதச் சொன்னால் பேனா நகர்வதில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் வீட்டில் ஒரு வகை எழுத வேண்டும். ஒரு வாரம் கடிதம், ஒரு வாரம் வருணனை, பிறகு உரையாடல், அறிவிப்பு, மனு என்று போகும். "நீங்க சொல்லித்தர வேணாம். பக்கத்துல உக்காந்து, எழுதினத படிக்கச் சொல்லிக் கேளுங்க, போதும்" என்றார். அம்மா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அப்பா காதில் விழுந்தது வேறு. தன் பிள்ளைகளை எழுத்தாளர்களாக்கும் பொறுப்பை அரசாங்கமே தன்னிடம் ஒப்படைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

முதல் ஞாயிறு வருணனை. தலைப்பு, எங்கள் வயல். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தபடி சொன்னார். "வளமார் வயலே! வானம் வணங்கும் வரப்பே! வந்தாரை வாழவைக்கும் வள்ளலே!" நானும் தம்பியும் வியர்க்க வியர்க்க எழுதினோம். அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டே முழுவதையும் கேட்டார். அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஆனால் கேட்பதில் அவரை ஏமாற்ற முடியாது.

"ஏங்க, இதுல நம்ம வயலு எங்க இருக்கு?"

"முழுக்க வயலுதானே!"

"இது எந்த வயலா வேணும்னாலும் இருக்கலாம். திருப்பனந்தாள்ல இருக்குற வயலாக்கூட இருக்கலாம். நேத்து நாத்தங்கால்ல கொக்கு எறங்குனதும் இவன் சட்டையக் கழட்டிச் சுத்திக்கிட்டு ஓடி, சேத்துல விழுந்தானே, அத எழுதுனா வயலு தெரியும்."

தம்பி உடனே அதை எழுதிக்கொண்டான். அப்பாவின் வள்ளலுக்கு அடுத்த வரியில் கொக்கும் சேறும் வந்து விழுந்தன. பெரிய டீச்சர் கொக்குக்கு மட்டும் 'நன்று' போட்டிருந்தார். அதற்கு அப்பா சொன்ன விளக்கம்: "டீச்சருக்கு எளக்கியத்துல அவ்வளவா பழக்கம் இல்ல."

உரையாடல் எழுத வேண்டிய ஞாயிறன்று அப்பா ஊரில் இல்லை. இரண்டு பேர் பேசிக்கொள்வதைக் கேட்டு எழுத வேண்டும் என்பது பாடம். தம்பி அதிகம் யோசிக்காமல், முந்தின நாள் அப்பா வாங்கி வந்த கரை போட்ட புதுத் துண்டைப் பற்றி எங்கள் வீட்டில் நடந்த பேச்சை ஒரு சொல் பிசகாமல் எழுதிப் பள்ளியில் நாடகம் போல் படித்தும் காட்டினான். "தோளுக்குத் துண்டு வாங்கத் தெரியுது, ஓட்டைக் குடத்துக்கு வழி தெரியல" என்ற அம்மாவின் வசனம் ஊரெல்லாம் பரவியது. அடுத்த கூட்டத்தில் அப்பா மேடையேறியபோது முன்வரிசையிலிருந்து ஒரு குரல், "குடம் என்னாச்சுண்ணே?" என்று கேட்டது. அம்மா ஒரு வாரம் தண்ணீர்த் துறைக்குத் தலைகுனிந்து போய் வந்தார்.

அறிவிப்பு வாரம் அதைவிட மோசம். எதிர்வீட்டுப் பெரியம்மாவின் ஆடு ஒன்று காணாமல் போயிருந்தது. கறுப்பு நிறம், கன்னி ஆடு. நிஜமான அறிவிப்பையே எழுதலாமே என்று அப்பா உற்சாகமானார். நான் எழுதினேன்: "கருநிறக் கன்னி ஒருத்தி கட்டுக்காவலைக் கடந்து காரிருளில் காணாமல் போனாள். கண்டவர் கருணையோடு கூட்டி வருக." கீழே பெரியம்மாவின் வீட்டு அடையாளம். அப்பாவே அதைக் கொண்டுபோய் டீக்கடைத் தூணில் ஒட்டினார். விடிந்ததும் பெரியம்மாவின் வாசலில் ஆட்கள். அவருக்குக் கல்யாண வயதில் இரண்டு பெண்கள். இரண்டு பேரும் உள்ளே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யார் போனது, யாரோடு போனது என்று துக்கம் விசாரித்தவர்களுக்குப் பெண்களைத் தனித்தனியாகக் கொண்டுவந்து காட்ட வேண்டியதாயிற்று. "ஆடுன்னு ஒரு வார்த்த எழுத மாட்டியாடி?" என்று பெரியம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். அப்பா கொல்லைப்பக்கமாக வயலுக்குப் போய்விட்டார். ஆடு மத்தியானம் தானாக வந்து சேர்ந்தது.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த வீட்டில்தான் ஒரு நாள் பண்ணையின் கணக்கு வழக்குகளைப் பார்க்கும் காரியக்காரர் வந்து நின்றார். அந்த ஆண்டுகளில் எங்கள் பக்கம் அறுவடை என்றாலே வரப்போரம் போலீஸ் வேன் நிற்கும். கூலிக்காக ஒரு பக்கம் கொடி, குத்தகைக்காக ஒரு பக்கம் கொடி. குத்தகைக்காரன் பெயர் தாலுக்கா ஆபீசில் பதிவாகிவிட்டால் அவனை லேசில் வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்திருந்தது. அதனால் பதிவாகும் முன்பே வெளியேற்றிவிடப் பண்ணைகள் அவசரப்பட்டன. காரியக்காரர் உட்காரவில்லை. "சம்பாவுக்கு நீ வயல்ல எறங்க வேணாம். பண்ணையே சொந்தமா சாகுபடி பண்ணப்போவுது" என்று சொல்லிவிட்டுப் போனார். எழுத்தாக எங்களிடம் எதுவும் கிடையாது. தாத்தா காலத்திலிருந்து வாய்வார்த்தைதான். அன்று அம்மா உலை வைக்க மறந்து அடுப்பை எரியவிட்டிருந்தார்.

பெயரைப் பதிய மனுக் கொடுக்க வேண்டும். பெரிய டீச்சரின் வரிசையில் அடுத்த வாரம் மனு வாரமாகவே இருந்தது. அப்பா எங்களை எழுதவிடவில்லை. அவரே எழுதினார். நாலு பக்கம். எழுதி முடித்துக் கூடத்தில் நின்று வாசித்தார். அதில் காவிரி இருந்தாள், கரிகாலன் இருந்தான், கல்லணை இருந்தது. தம்பி கைதட்டினான். அம்மா தட்டவில்லை.

"நாம யாரு, எந்த வயலு, எவ்வளவு காலமா உழுவுறோம், இப்ப என்ன வேணும். இது நாலும் எங்க வருது?"

அப்பாவுக்கு முகம் சிவந்தது. "நான் நின்னு பேசுனா ஊரே கைதட்டுது. ஒனக்குத்தான் காது இல்ல."

"கைதட்டுறவங்ககிட்ட நீங்க ஒண்ணும் கேக்கலங்க. தாலுக்கா ஆபீசுல வயலயில்ல கேக்குறீங்க."

அப்பா நாலு பக்கத்தையும் தட்டிச் சீராக அடுக்கினார். மறுநாள் மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு தாலுக்கா ஆபீசுக்குப் போனார். அங்கிருந்த கிளார்க் வயதானவர், பொறுமைசாலி. நாலு பக்கத்தையும் படித்தார். பின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி கடைசிப் பக்கத்தைப் பார்த்தார்.

"மனு யாரோடதுங்க?"

"என்னோடதுதான்."

"பேரு?"

"கீழ கையெழுத்துப் போட்டிருக்கேனே."

"'உழைத்து உருக்குலைந்த ஓர் ஏழை'ன்னு போட்டிருக்கு. இந்தத் தாலுக்காவுல அப்படித் தேடுனா, நான் யாருக்குன்னு நோட்டீஸ் அனுப்புறது? பேரு இல்ல, சர்வே நம்பர் இல்ல, ஊரு இல்ல. நல்லா எழுதியிருக்கீங்க, நான் இல்லேன்னு சொல்லல. வேற எழுதிக் கொண்டாங்க."

பஸ்ஸில் திரும்பும்போது அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். எனக்கு வாங்கிக்கொடுத்த கடலைமிட்டாயைத் தின்ன எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டில் நுழைந்ததும் தாளையும் பேனாவையும் எடுத்து என் முன்னால் வைத்தார். அம்மாவைப் பார்க்காமலே, "சொல்லச் சொல்லு ஒங்கம்மாவ" என்றார்.

அம்மா சொன்னார். நான் எழுதினேன். எல்லைகளையும் சர்வே நம்பரையும் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தபடி சொன்னார். எழுத்துப்பிழை பார்க்கும் வேலையைத் தம்பி எடுத்துக்கொண்டு, புதிதாக இரண்டு பிழை சேர்த்தான். ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலியாக இருந்தது அவருக்குத் தாங்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சேத்துக்கறேனே" என்றார். மேடையில் யாரிடமும் அவர் அப்படிக் கேட்டதில்லை.

அம்மா தாளின் அடியில் விரல் வைத்துக் காட்டினார். "ஒரே ஒரு வரி. அதுவும் கடைசியில."

அப்பா கண்ணை மூடி, விரல்விட்டுச் சொற்களை எண்ணி, சொன்னார்: "உழுதவன் உரிமை உலர்ந்து போகாமல் உதவுங்கள்." அதற்கும் கீழே, வீட்டில் யாருமே கூப்பிடாத தன் முழுப்பெயரை, தகப்பனார் பெயரோடு சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

விசாரணை எங்கள் பள்ளிக்கூடத்திலேயே நடந்தது. தாசில்தார் பெரிய டீச்சரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டீச்சர் ஜன்னலோரம் நின்றார். காரியக்காரர் எழுந்து, அப்பா பண்ணைக்குக் கூலிக்கு உழுகிற ஆள்தான், குத்தகை எதுவும் கிடையாது என்று துளியும் கூசாமல் சொன்னார். தாசில்தார் அப்பா பக்கம் திரும்பினார். அப்பா எழுந்தார். துண்டை உதறினார். தொண்டையைச் செருமினார். பெண்கள் பக்கம் நின்ற அம்மா என் தோளை நசுக்கிவிடுவதுபோல் பிடித்தார்.

"அவையில் அமர்ந்திருக்கும் ஆன்றோர்களே" என்று ஆரம்பித்தார் அப்பா. நின்றார். கூட்டம் காத்திருந்தது. அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அந்த மூணு மாவ நான்தான் உழுவுறேங்க. எங்கப்பாவும் அதைத்தான் உழுதாரு. குத்தகை நெல்லு பாக்கி இல்ல. அடுத்த வயக்காரங்கள கேளுங்க."

உட்கார்ந்துவிட்டார். அப்பாவின் பேச்சு இவ்வளவு சீக்கிரம் முடிந்ததை யாரும் எதிர்பார்க்காததால் சாட்சிகளே தயாராக இல்லை. பிறகு அடுத்த வயல்காரர் ஒருவர் எழுந்தார். அவர் தாசில்தாரைப் பார்க்கவில்லை, காரியக்காரரைப் பார்த்தார். "ஏங்க, போன அறுப்புல, குத்தகை நெல்லு ஈரமா இருக்குன்னு இவர நடுக்களத்துல நிக்கவெச்சு அந்த ஏச்சு ஏசுனீங்களே. கூலியாளுன்னா அவரு எதுக்குங்க குத்தகை நெல்லு அளக்குறாரு?"

பள்ளிக்கூடம் சிரித்தது. ஏசியதைக் கேட்டவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். என்னென்ன சொல் சொல்லி ஏசினார் என்று ஆளாளுக்கு நினைவுபடுத்தினார்கள். அவமானம் என்று அப்பா வீட்டில் வாய் திறக்காமல் வைத்திருந்த சேதி அது. அன்றுதான் எங்களுக்கே தெரியும். காரியக்காரர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அது... நெல்லு ஈரமாத்தாங்க இருந்துச்சு" என்றார். தாசில்தார் அதையும் குறித்துக்கொண்டார்.

பதிவு உடனே ஆகவில்லை. பண்ணை மேல்முறையீட்டுக்குப் போனது, வாய்தா மேல் வாய்தா வாங்கியது. ஆனால் அந்தச் சம்பாவுக்கு அப்பாதான் வயலில் இறங்கினார். அப்பா பெயர் பதிவேட்டில் ஏறியபோது நான் உயர்நிலைப்பள்ளிக்குப் போய்விட்டேன். விசாரணை முடிந்த அன்று பெரிய டீச்சர் அப்பாவிடம், "இன்னைக்கு நல்லாப் பேசுனீங்க" என்றார். அப்பா வீடு வந்து சேரும் வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "இது ஒரு பேச்சா? எடுப்பு இல்ல, தொடுப்பு இல்ல. இதப்போயி நல்லாருக்குங்குறாங்க."

நான் பிறகு கூட்டுறவு வங்கியில் சேர்ந்து, ஆயுள் முழுக்க ஒரு பக்கத்துக்கு மேல் போகாத கடிதங்கள் எழுதி ஓய்வு பெற்றேன். தம்பி தஞ்சாவூரில் வக்கீலாக இருக்கிறான். அவன் மனுக்களில் பெயர், ஊர், சர்வே நம்பர் எதுவும் விட்டுப்போகாது.

அப்பா சென்ற மாசியில் காலமானார். நல்ல வயது, முந்தின நாள்கூட யாரிடமோ போனில் பேசிக்கொண்டுதான் இருந்தார். சாலை முனையில் வைக்கும் பேனருக்காக, அச்சுக்கடைக்காரர் தன் செல்போனில் மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். நடுவில் அப்பாவின் பெரிய படம். கீழே பெயர், வயது, ஊர், நல்லடக்கம் நடக்கும் நேரம். தம்பி அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினான். யார், எங்கே, எப்போது என்று எல்லாம் சரியாக இருந்தது. அம்மா கண்ணை மூடிக் கேட்டார்.

"இவ்வளவுதானா?" என்றார்.

மறுபடி படிக்கப் போன தம்பியை அம்மா கையமர்த்தினார்.

"ரெண்டு வரி சேருங்கடா. அவரு பேசுற மாதிரி."

தம்பி என்னைப் பார்த்தான். இருவரும் வாசல் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். 'க'வில் ஆரம்பித்து 'வ'வுக்குப் போய், மறுபடி 'க'வுக்கே வந்தோம். துக்கத்துக்கு வந்தவர்களும் ஆளுக்கொரு சொல் எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டு வரி என்று ஆரம்பித்தது ஏழு வரி ஆனது. அம்மா அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். ஒரு சொல்லையும் குறைக்கவில்லை.

அச்சுக்கடைக்காரர் தயங்கினார். "இவ்வளவும் போட எடம் பத்தாதுங்களே ஆச்சி."

"அப்ப போட்டோவச் சின்னதாப் போடு" என்றார் அம்மா.