சயாம் பட்டியலும் ஒரு பிளவுக் கோடரியும்

மரம் வெட்டுவது வேறு, விறகு பிளப்பது வேறு. இந்த வேறுபாடு தெரியாதவர்கள்தாம் இரண்டுக்கும் ஒரே கோடரியை எடுத்து நீட்டுவார்கள்.

கட்டையில் சிக்கிய கோடரியைக் காலால் மிதித்து இழுத்த அனுபவம் உங்களுக்கும் இருக்குமானால், நான் சொல்வது புரியும். மலாயாவின் கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டம் ஜப்பானியர் கைக்குப் போன பிறகு, நான் பாடம் நடத்திய தோட்டப் பள்ளி மூடப்பட்டது. வேலை செய்யாதவருக்கு ரேசன் இல்லை. ஆகவே தேயிலை உலர்த்தும் உலையின் விறகுக் கொட்டகைக்கு நானும் அனுப்பப்பட்டேன். அங்கே நான்கு ஆண்கள் இருந்தார்கள். இருவர் காட்டில் மரம் அறுப்பவர்கள்; இருவர் உலைக்கு விறகு ஊட்டுபவர்கள்; பிளப்பது எல்லாருக்கும் பொது வேலை. உலை ஊட்டிய இருவரில் ஒருவர் என் கணவர் சவரிமுத்து.

சயாமில் ரயில் பாதை போடத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை. தோட்டத்துக் கணக்கும் பெயர்ப் பதிவும் எழுதும் எங்கள் கிராணியார் அந்த நால்வரின் பெயரையும் பட்டியலில் சேர்க்காமல் காப்பாற்றிவந்தார். உலைக்கு அவர்கள் இன்றியமையாதவர்கள் என்பது அவர் சொன்ன காரணம். ஆனால் காட்டிலிருந்து வந்த கட்டைகள் இடுப்பு அகலம். கொட்டகையில் இருந்தவையோ மெல்லிய அலகுடைய வெட்டுக் கோடரிகள். பிளந்த விறகு போதாமல் உலை இரண்டு முறை அணைந்துவிட்டது. அடுத்த மாதச் சோதனையின்போதும் அணைந்து கிடந்தால், காரணம் சொல்லத் தம்மிடம் ஒன்றும் மிஞ்சாது என்று கிராணியார் எச்சரித்தார்.

துரை விட்டுப்போனது

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை விட்டு ஓடிப்போன பங்களாவின் பின்புறம், ஒழுகும் ஒரு சிறு கொட்டகையில் அது கிடந்தது. ஓர் அலகுதான். ஆனால் கன்னங்கள் இரண்டும் ஆப்பைப் போலப் பருத்திருந்தன. தூக்கிப் பார்த்தேன். இது வெட்டும் கோடரி அன்று, பிளக்கும் கோடரி என்பதை அதன் பாரமே அறிவித்தது.

அதன் நிலைமையோ பரிதாபம். உடல் முழுவதும் துரு. பிடி உளுத்து, கண் துளைக்குள் ஒரு துண்டு மட்டும் இறுகி நின்றது. யாரோ சம்மட்டியாகப் பயன்படுத்தியதால் பின்தலை நசுங்கி, விளிம்பு காளான் குடைபோல் வெளியே மடிந்திருந்தது. முந்தானையில் சுற்றி நான் சுமந்துவந்ததைக் கண்டு, என்னோடு விறகு அடுக்கும் அஞ்சலை ஏதோ உணவுப்பொருள் என்று ஆவலாக ஓடிவந்தாள். அவிழ்த்துக் காட்டினேன்.

“துரை வூட்டுல கொள்ளையடிக்கப் போயி இரும்பத் தூக்கிட்டு வந்த ஒரே ஆளு நீங்கதான் டீச்சரம்மா.”

உலையில் போடச் சொன்னவர்

துளைக்குள் இறுகிய பழைய மரத்தை எடுக்க வேண்டும். தலையை அப்படியே உலைக்குள் எறிந்தால் மரம் தானாக எரிந்துவிடும் என்றார் என் கணவர். எறியவும் கை ஓங்கிவிட்டார். ஓடிச்சென்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அலகில் ஏற்றியிருக்கும் பதம் அந்தச் சூட்டில் இறங்கிவிடும். பிறகு அது கோடரியாக இராது, கோடரியின் வடிவத்தில் ஒரு பச்சை இரும்பாக இருக்கும். இதை அவருக்கு இருமுறை விளக்கினேன்.

ஆணியும் சிற்றுளியும் கொண்டு, பல்லில் சிக்கியதை எடுப்பதுபோல் அந்த மரத்தைச் சிம்பு சிம்பாகத் தோண்டினேன். ஒரு பகல் முழுவதும் ஆயிற்று. கடைசித் துண்டு உதிர்ந்து, துளை வழியே மறுபக்க வெளிச்சம் தெரிந்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தது உண்மை. என் கணவர் சிரிக்கவில்லை.

“எட்டு வருசமா உலைகிட்ட நிக்கிறது நானு, சூட்டப் பத்திப் பாடம் நடத்துறது நீயி.”

துருவுக்குத் தீனி

புளியும் எலுமிச்சையும் கண்ணில் படாத காலத்தில் துருவை எதைக் கொண்டு கரைப்பது? எல்லார் வீட்டிலும் இருந்தது மரவள்ளிக் கிழங்கு ஒன்றே. கிழங்கு ஊறிப் புளித்த நீரை தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளில் கேட்டு வாங்கி, ஒரு பழைய வாளியில் கோடரியை இரண்டு நாள் அமிழ்த்தி வைத்தேன். நாற்றம் சகிக்கவில்லை, பலன் நன்று. செங்கல் பொடியால் தேய்த்தபோது துரு குழம்பாக வழிந்தது, அடியில் சாம்பல் நிற எஃகு தெரிந்தது. மடிந்த பின்தலை விளிம்பையும் கல்லில் தேய்த்து நீக்கினேன். அடிக்கும்போது அந்த விளிம்பு தெறித்தால் கண் போகும்.

பின்பு, கூட்டிப் பெருக்கிய தேயிலைக் கழிவைக் கொதிக்கவைத்து, அந்தக் கடுஞ்சாயத்தில் ஓர் இரவு போட்டுவைத்தேன். காலையில் இரும்பு மயில்கழுத்துக் கருமையாக மாறியிருந்தது. அதன்மேல் புதுத் துரு எளிதில் ஏறாது. அஞ்சலை வாளியையும் கோடரியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நமக்குக் கிழங்கு, அதுக்குக் கிழங்குத் தண்ணி, அப்புறம் ஒரு தேத்தண்ணி. ரேசன்ல அது நம்மள முந்திருச்சு.”

என் பிழை

இதை நான் மறைக்கப்போவதில்லை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக் கூர்மை என்றால் ஒரே கூர்மைதான்: கவாத்துக் கத்தியின் கூர்மை. செடியைக் கவாத்து செய்யும்போது கிளை நசுங்கினால் அழுகிப்போகும். ஆகவே ஒரே வீச்சில் கிளை துண்டாக வேண்டும். அதற்காக அலகை ஏட்டின் விளிம்புபோல் மெலியத் தீட்டுவார்கள். நானும் அப்படியே தீட்டினேன். கன்னத்தில் இருந்த வயிறு போன்ற புடைப்பைத் தேய்த்துத் தட்டையாக்கி, இரண்டு நாள் முயன்று, முழங்கை மயிரை மழிக்கும் பதத்துக்குக் கொண்டுவந்தேன். லைனில் கவாத்து வெட்டும் பெண்களே தொட்டுப் பார்த்து வியந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மரம் அறுக்கும் மருதை காட்டிலிருந்து ஒரு பிடியைச் செதுக்கி வந்து பொருத்தினார். எல்லாரும் சூழ நின்றார்கள். நான் ஓங்கி அடித்தேன். கோடரி கட்டைக்குள் சத்தமின்றிப் புகுந்து, அங்கேயே நின்றுவிட்டது. மூன்று பேர் இழுத்து எடுத்தபோது, அலகின் நடுவே பல் விழுந்ததுபோல் ஒரு சில்லு உடைந்திருந்தது. பிளப்பதற்கு வேண்டியது மெலிவு அன்று, அகட்டும் புடைப்பு என்பதை அந்தக் கட்டை எனக்குப் புகட்டிற்று. பல் விழுந்த ஆழம்வரை தேய்த்து, கன்னப் புடைப்பை மீண்டும் உருட்டிக் கொண்டுவர மூன்று நாளாயிற்று. அந்த மூன்று நாளும் விறகு குறைந்தது. மருதை பக்கத்தில் குந்தி, பரிவோடுதான் சொன்னார்.

“மரத்தக் கவாத்து பண்ணப் பார்த்திருக்கீங்க டீச்சர். அது தளிர் விடாதுலா.”

தலை பறந்த நாள்

மருதை செதுக்கிய பிடி பச்சை மரம். மலைப் பனியில் ஊறியிருந்தவரை இறுக்கமாக நின்றது. உலையின் அனலில் காயக் காயச் சுருங்கியது. ஆட்டம் கண்டபோதெல்லாம் வாளித் தண்ணீரில் முக்கி ஊறவைத்தோம். அதுவும் தவறு. ஊறி வீங்கும் மரம் துளைக்குள் தன்னையே நசுக்கிக்கொள்கிறது. காய்ந்தபின் முன்னைவிடத் தளர்கிறது. மூன்றாம் நாள் நான் ஓங்கியபோது கை திடீரென்று இலேசாயிற்று. தலை என் தோளுக்குப் பின்னால் பறந்து, விறகு எண்ண வந்த கிராணியாரின் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் குத்தி நின்றது.

கிராணியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“என்னைக் கொன்னுட்டா பட்டியல் எழுத வேற ஆளு வருவான் டீச்சர். அவன் என்னைவிட முழுசா எழுதுவான்.”

எண்ணெய்ச் சண்டை

அன்றே கொட்டகைகளைத் துழாவி, உடைந்த ஒரு சங்குலின் பிடியைக் கண்டெடுத்தேன். எங்கள் பக்கத்தில் மண்வெட்டியைச் சங்குல் என்போம். பல ஆண்டு கைபட்டுக் காய்ந்த மரம் அது. இனிச் சுருங்க அதனிடம் ஈரம் இல்லை. கண்ணாடிச் சில்லால் சீவி, துளையின் முட்டை வடிவுக்குக் கொண்டுவந்து, தலைகீழாகப் பிடித்துப் பிடியின் அடிமுனையைத் தட்டத் தட்ட, கோடரித் தலை தன் பாரத்தாலேயே ஏறி அமர்ந்தது. மேலே காய்ந்த மர ஆப்பு ஒன்று. அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை.

தண்ணீருக்குப் பதில் அதற்குத் தேவை எண்ணெய். ரேசனில் கிடைத்த சிவப்புப் பனையெண்ணெயில் ஒரு கரண்டியை உலையருகே சூடாக்கி, பிடியின் உச்சி நாரில் ஊட்டினேன். அஞ்சலை இதைப் பார்த்துவிட்டாள். நான் நார், துளை, ஈரம் என்று முறையாக விளக்கி முடிக்கும்வரை இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“எந்தலைக்கு எண்ண வச்சு ஒரு வருசமாவுது. அடுத்த ரேசனுக்கு என்னையும் கோடாலின்னு எழுதிக்கச் சொல்லுங்க.”

பிளந்தது

மறுநாள் காலை, பனி விலகுமுன் முதல் கட்டையை நிறுத்தினேன். நடுவில் அடிக்கவில்லை. வெடிப்பு ஓடும் திசையைப் பார்த்து, விளிம்பில் அடித்தேன். இரும்பு உள்ளே போனதே தெரியவில்லை. கட்டை இரண்டாக விலகி இருபுறமும் விழுந்தது. அந்த ஓசையைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. நண்பகலுக்குள் பழைய கோடரிகளால் நால்வர் மூன்று நாளில் பிளப்பதை முடித்திருந்தேன். உலை உறுமியது. விறகு அடுக்கு கொட்டகையின் கூரையைத் தொட்டது. ஒவ்வொரு மாலையும் பிடியைத் துடைத்து, அலகை நான்கே இழுப்பு கல்லில் இழுத்து, அனலுக்கு எட்டாத மூலையில் தொங்கவிட்டேன். உலை வாயிலிருந்து எட்டிப் பார்த்த என் கணவரின் முகத்தில் பல மாதங்களுக்குப் பின் சிரிப்பைக் கண்டேன்.

“இன்னும் ரெண்டு கட்ட பிளந்தீன்னா, நாங்க நாலு பேரும் சும்மா உட்கார வேண்டியதுதான்.”

அதிகாரி வந்தார்

அவர் விளையாட்டாகச் சொன்னதை ஜப்பானிய அதிகாரி மெய்யாகவே சொன்னார்.

சோதனைக்கு வந்தவரை நான் கவனிக்கவில்லை; தொடர்ந்து பிளந்துகொண்டிருந்தேன். திரும்பியபோது அவரும் இரண்டு சிப்பாய்களும் கிராணியாரும் நின்றார்கள். குனிந்து வணங்கினேன். அடுக்கைக் கண்டு மகிழ்ந்த அதிகாரி, இவ்வளவையும் பிளந்தது யார் என்று கேட்டார். கிராணியார் பெருமை தாங்காமல், இந்த அம்மா ஒருவரே என்று மலாயில் சொல்லிவிட்டார். அதிகாரி தலையசைத்தார். ஒரு பெண்ணே போதும் என்றால் நான்கு ஆண்கள் எதற்கு, வரும் லாரியில் அவர்களை ஏற்று என்றார். கிராணியாரின் பேனா காகிதத்தின்மேல் நின்றது, எழுதவில்லை.

செருக்கோடு நான் பிளந்த ஒவ்வொரு கட்டையும் அந்த நால்வரை லாரிக்கு அருகே தள்ளியிருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அழுது பயனில்லை. ஒதுக்கிவைத்த குவியலிலிருந்து, கிளை பிரியும் இடத்தில் அறுத்த ஒரு கட்டையை உருட்டிவந்தேன். உள்ளே கணுவும் முறுக்குமாக இருந்தது. அதை நிறுத்தி, கோடரியை இரு கையாலும் ஏந்தி, அதிகாரி ஒருமுறை அடித்துப் பார்க்க வேண்டும் என்று வணக்கத்தோடு கேட்டேன்.

அவர் வாளைச் சிப்பாயிடம் கொடுத்துவிட்டு ஓங்கினார். வலிமையான அடி, வாள் வீசுபவர் அடிப்பதுபோல் நேர் நடுவில். கோடரி கணுவில் கடித்து நின்றது. இழுத்தார், கட்டையும் கூடவே எழுந்து வந்தது. மறுபடி இழுத்தார். சிப்பாய்கள் தேயிலைச் சரிவைப் பார்த்தபடி நின்றார்கள்.

நான் நால்வரையும் அழைத்தேன். அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஒருவர் கட்டையை மிதித்தார். ஒருவர் ஆப்பு வைத்தார். மருதை ஆப்பைத் தட்டினார். என் கணவர் பிடியை அசைத்தார். கோயில் தேரை இழுப்பவர்கள்போல் அவ்வளவு பொறுப்பாக அந்த ஒரு கட்டையைப் பிளந்து முடித்தார்கள். இலேசான கட்டைக்கு நான் போதும், இப்படிப்பட்டவற்றுக்கு நால்வரும் வேண்டும் என்று கிராணியாரிடம் சொன்னேன்; அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மொழிபெயர்த்தார். பொய் சொன்னேன் என்று நான் கருதவில்லை. அந்தக் கட்டையை அவர் அடித்த இடத்தில் அடித்தால் அது முழு உண்மை.

அதிகாரி வாளை இடுப்பில் மாட்டிக்கொண்டு, “கபாக் சூசா” என்றார்; கோடரி தொல்லைபிடித்தது என்பது பொருள். நால்வரும் இருக்கட்டும் என்று விரல்களைக் காட்டினார். அவர்களின் வண்டி சரிவில் இறங்கி ஓசை அடங்கும்வரை ஒருவரும் அசையவில்லை. பிறகு என் கணவர் அருகே வந்து, கோடரியை என் கையில் வைத்தார்.

“நாளையிலேர்ந்து கொஞ்சம் மெதுவா அடி, டீச்சர்.”

அந்தக் கோடரியைச் செப்பனிட எனக்கு மூன்று வாரம் போதுமாயிருந்தது. அது எவ்வளவு செம்மையாகப் பிளக்கிறது என்பதை வெளியே தெரியாமல் பராமரிக்கப் போர் முடியும்வரை பாடுபட வேண்டியிருந்தது.