ஐந்து முடிச்சு போட்ட பாட்டில்

தேர்வாளரின் அறிக்கை வந்த அன்று துறையில் லட்டு கொடுத்தார்கள். எனக்காக அல்ல, வேறொருவருக்கு அரசு வேலை கிடைத்திருந்தது. பாதி லட்டைக் கையில் வைத்துக்கொண்டே என் நெறியாளர் அறைக்குள் போனேன். மேடம் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். இரண்டு பக்க அறிக்கை. ஆய்வேட்டைப் பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்ற வரி மேலேயே இருந்தது. வாய்மொழித் தேர்வில் விளக்க வேண்டியவை என்று கடைசியில் ஒரே ஒரு கேள்வி. ஐந்தாம் கிணற்றின் அளவுகளும் முதலாம் கிணற்றின் அளவுகளும் பதினாறு மாதங்களாக ஏன் ஒன்றாகவே ஏறி இறங்குகின்றன?

"சின்னக் கேள்விதான். பதில் யோசிச்சு வச்சுக்கங்க," என்றார் மேடம்.

நான் தலையாட்டினேன். வெளியே வந்து பார்த்தபோது லட்டு உள்ளங்கையில் கூழாகியிருந்தது.

அந்த இரண்டு கிணறுகளுக்கும் நடுவே அரை மணி நேர நடைதூரம் உண்டு. கடலாடிக்குத் தெற்கே, கடலுக்கும் எங்கள் ஊருக்கும் இடையில் ஒரே கோட்டில் இருக்கும் ஐந்து கிணறுகளை எடுத்துக்கொண்டு, நிலத்துக்கு அடியில் கடலுப்பு எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. ஊருணிக்கரையில் இருக்கும் எங்கள் குடிதண்ணீர்க் கிணறு முதலாவது. கடலை ஒட்டிய பனங்காட்டுக்குள் இருப்பது ஐந்தாவது. ஒவ்வொரு மாதமும் அமாவாசைக்கு மறுநாள் காலையில் ஐந்திலும் ஒவ்வொரு பாட்டில் தண்ணீர் எடுத்து, உப்பு அளக்கும் மீட்டரை அதில் விட்டு அளவைக் குறிக்க வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் மீட்டர் மூன்று இலக்கத்தில் நிற்கும். உப்பு என்றால் நான்கு இலக்கம்.

முதல் வருடம் நானே எடுத்தேன். அதற்குப் பிறகு மதுரையில் ஒரு கல்லூரியில் வகுப்பெடுக்கும் வேலை கிடைத்தது. அமாவாசை பார்த்து யார் லீவு தருவார்கள்? ஊரிலிருக்கும் அப்பாவை, எங்கள் அய்யாவை, எடுத்து அனுப்பச் சொன்னேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அய்யாவுக்கு எழுத்து தெரியாது, ஆனால் அமாவாசை தெரியும். பாட்டில்களில் எண் எழுதுவதற்குப் பதில் கழுத்தில் நூல் கட்டி முடிச்சு போட்டுக் கொடுத்தேன். முதல் கிணற்றுக்கு ஒரு முடிச்சு, ஐந்தாம் கிணற்றுக்கு ஐந்து.

"இந்தத் தண்ணிய வச்சுத்தான்யா எனக்கு டாக்டர் பட்டமே. பாத்துப் புடிங்க," என்றேன்.

அந்த வார்த்தையை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அன்று அது தெரியவில்லை.

அய்யா பாட்டில்களை ஒரு மஞ்சள் பையில் போட்டு, கடலாடியில் மதுரை பஸ்ஸில் ஏற்றிவிடுவார். நான் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நின்று வாங்கிக்கொள்வேன். கண்டக்டர் சிரிப்பார்.

"என்ன தம்பி, மதுரையில தண்ணியே இல்லையா? உங்கய்யா டிரைவர் சீட்டுக்குப் பின்னால வச்சுட்டு, 'குலுங்காம ஓட்டுங்கப்பு'ங்கிறாரு. புள்ளத்தாச்சிய ஏத்திவிட்ட மாதிரி!"

எட்டு மாதம் போல எல்லாம் நான் எதிர்பார்த்தபடியே நடந்தது. ஐந்தாம் கிணற்றில் உப்பு ஏறிக்கொண்டே வந்தது. ஒன்பதாவது மாதம் ஐந்து முடிச்சு பாட்டிலில் மீட்டரை விட்டேன். மூன்று இலக்கம். கருவி கெட்டுவிட்டதோ என்று வேறு மீட்டரில் பார்த்தேன். அதிலும் மூன்று. அடுத்த மாதமும் அப்படியே.

மேடம் முதலில் நம்பவில்லை. "பாட்டில் மாறிப் போச்சா?"

"மாறாது மேடம். முடிச்சு போட்டிருக்கு."

அவ்வளவு உறுதியாகச் சொன்னேன். பழைய மணல்மேடு ஒன்று மழைநீரைப் பிடித்துவைத்துக் கடலுப்பை எதிர்த்துத் தள்ளுகிறது என்று ஒரு விளக்கம் மெல்ல உருவானது. கடலுக்குப் பக்கத்திலேயே தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்ட கிணறு! ஆய்வேட்டின் நான்காம் இயல் முழுவதும் அதுதான். மற்ற இயல்களில் எல்லாரும் சொன்னதையே நானும் சொல்லியிருந்தேன். பட்டம் நிற்பது அந்த ஒரு கிணற்றின் மேல்தான் என்பது மேடத்துக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அய்யாவிடம் போனில் கத்திச் சொன்னேன். "அஞ்சாம் கெணறு நல்லாயிருச்சுய்யா!"

அய்யா தொண்டையைச் செருமினார். பிறகு, "நல்லதுப்பா. உனக்கு சந்தோசந்தான?" என்று கேட்டார்.

"பின்ன?"

"அப்பச் சரி."

அந்தப் பதினாறு மாதங்களில் பொங்கலுக்குப் போனேன், மாமன் மகள் கல்யாணத்துக்குப் போனேன். பனங்காட்டுப் பக்கம் ஒருமுறைகூடப் போகவில்லை. 'மாதிரிகள் மாதந்தோறும் சேகரிக்கப்பட்டன' என்று ஆய்வேட்டில் எழுதினேன். யாரால் என்று எழுதாமலிருக்கத் தமிழில் வசதி இருக்கிறது.

அறிக்கை வந்த வாரமே வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். வீட்டுக்குச் சொன்னபோது அய்யா கேட்ட முதல் கேள்வி, "பொதுவுல வச்சுத்தான் நடத்துவாகளாமே? யாரு வேணாலும் வரலாமா?"

"வரலாம்யா."

"அப்ப வேன் சொல்லிருவோம். நம்ம கெணத்துத் தண்ணி ரெண்டு கேன் கொண்டாரேன். இம்புட்டு நாளா பாட்டில்ல பாத்தாக, வாயில வச்சும் பாக்கட்டுமே."

நான் சிரித்தேன். போனை வைத்த பிறகு இரண்டு கிணறுகளின் கோடுகளையும் கணினியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தேன். இரண்டு கோடுகள் இருப்பதே தெரியவில்லை. கடைசி மூன்று மாதங்களில் இரண்டும் சேர்ந்தே மேலே ஏறியிருந்தன. கொஞ்சம்தான். இரண்டு கிணற்றுக்கும் பொதுவாக இருப்பது கோடைதானே என்று, அதன் கணக்கில் எழுதி ஒதுக்கியிருந்தேன். அந்தச் சனிக்கிழமை காலையில், வீட்டுக்குச் சொல்லாமல், மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஊருக்குள் போகாமல், சாலை பிரியும் விலக்கிலேயே இறங்கிப் பனங்காட்டுக்கு நடந்தேன். உச்சி வெயில். முதல் வருடம் நான் நடந்து நடந்து தேய்த்த பாதை ஒரு வளைவு வரைக்கும் இருந்தது. அதற்கு மேல் இல்லை. சீமைக்கருவேல் இரண்டு பக்கமிருந்தும் வளர்ந்து கை கோத்திருந்தது. அதில் முறிந்த கிளையோ வெட்டிய தடமோ கிடையாது. மாதம் ஒருமுறை ஒரு மனிதன் போய்வந்த வழி இப்படி இருக்காது. முள் கிழிக்கக் கிழிக்க உள்ளே போனேன். ஒவ்வொரு அடிக்கும், 'வேற பக்கமா வழி இருக்கும், வேற பக்கமா வழி இருக்கும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனது நினைவிருக்கிறது.

வேறு பக்கமும் வழியில்லை. கிணற்று வாயை முள் மூடியிருந்தது. உள்சுவரில், தண்ணீர் இறங்கிய இடமெல்லாம் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. கயிற்றில் பாட்டிலைக் கட்டி விட்டேன். தூரத்தில் கடல் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. மேலே இழுத்து மீட்டரை வைத்தேன். எண் நான்கு இலக்கத்துக்குப் போனது, ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. பிறகு அளவு தாண்டிவிட்டது என்று காட்டி நின்றது.

வீட்டுக்குப் போனபோது அய்யா களத்தில் மிளகாயைக் காலால் துழாவிப் புரட்டிவிட்டுக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த கீறல்களைப் பார்த்தார். கேட்காமலேயே அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கால் நின்றது.

"பனங்காட்டுக்கா போன?"

"அஞ்சு முடிச்சு பாட்டில எங்கனய்யா புடிச்சீக?"

அய்யா ஒரு மிளகாயை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். "மொத எட்டு மாசம் அங்கனதான் போனேன். ஒரு நாள் வாயில வச்சேன். துப்பிட்டேன்டா. இதக் கொண்டுபோயி எம்மகன் அந்த வாத்தியாரம்மா முன்னால எப்படி வைப்பான்? நாளைக்கு நம்ம வீட்டுக்கு ஒருத்தரு வந்தா உப்புத் தண்ணியா மோந்து குடுப்போம்? மத்ததெல்லாம் சுமாரா இருந்துச்சு, விட்டுட்டேன். இது ஒண்ணத்தான் நம்ம கெணத்துல புடிச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வேணாமா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீதான் போன் போட்டு 'நல்லாயிருச்சு'ன்னு குதிச்ச." குரல் இறங்கியது. "நல்ல தண்ணி குடுத்தா பாஸுன்னு நெனச்சேன். ஏலே, உப்புக்கா பட்டம் குடுக்குறாக?"

வாசலில் நின்ற அம்மா, "அவனுக்கு மொதல்ல சோத்தப் போடுறேன். ரெண்டு பேரும் பெறகு சண்ட போடுங்க," என்றாள்.

நான் சண்டை போடவில்லை. எனக்கு வேறொன்று உறைத்திருந்தது. இரண்டு பாட்டிலிலும் இருந்தது ஒரே கிணற்றின் தண்ணீர் என்றால், கடைசி மூன்று மாதம் இரண்டு கோடுகளும் சேர்ந்து ஏறியது கோடையால் அல்ல, எங்கள் குடிதண்ணீர்க் கிணற்றிலேயே உப்பு ஏறுவதால். ஒரே உண்மையை இரண்டு பாட்டில்கள் இரண்டு முறை சொல்லியிருக்கின்றன. ஊருணிக்கரைக்கு நடந்தேன். அய்யாவும் பின்னாலேயே வந்தார். வாளியில் மீட்டரை வைத்தேன். இன்னும் மூன்று இலக்கம்தான். ஆனால் நான்காவது இலக்கத்துக்கு மிக அருகில்.

"என்னடா காட்டுது?"

"கூடியிருக்குய்யா."

"மிசினுக்கு என்ன தெரியும்? நாக்குல வச்சுப் பாரு."

கையில் ஏந்திக் குடித்தேன். நாலு வருடமாக மதுரையில் கேன் தண்ணீர் குடித்த நாக்கு. தொண்டைக்குள் போனதற்குப் பிறகு, அடிநாக்கில் ஏதோ ஒன்று மிச்சம் நின்றது. அய்யா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

திங்கட்கிழமை மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமலும் இருந்திருக்கலாம். மணல்மேடு எங்கள் முதல் கிணறு வரை நீள்கிறது என்று இன்னொரு விளக்கம் சொன்னால் அந்தக் கேள்வி அடைபட்டிருக்கும். பஸ்ஸில் வரும்போது அந்தப் பதிலை முழுதாக ஒத்திகை பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அறைக்குள் போனதும் வாயில் வந்தது வேறு.

மேடம் கோபமாகப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். அவர் மேசைமேல் இருந்த என் ஆய்வேட்டை, பொன்னெழுத்து அட்டையை, குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"நாலாம் இயலை எடுத்துருங்க. தேர்வ நிறுத்தச் சொல்லி நான் எழுதுறேன். ஒரு வருஷம் மறுபடி எடுக்கணும். நீங்களே போய் எடுக்கணும்."

"சரிங்க மேடம்."

"அந்த ஒண்ணாம் கிணறு, அத எத்தன குடும்பம் குடிக்குது?"

"ஊரே."

அவர் கடிதம் எழுதக் கணினியைத் தன் பக்கம் திருப்பினார்.

கல்லூரி வேலையை விட்டேன். பன்னிரண்டு அமாவாசைக்கும் ஊருக்குப் போனேன். அரிவாளால் பனங்காட்டுப் பாதையைத் திறந்தேன். அய்யாவும் கூடவே வந்து முள்ளை இழுத்துப்போட்டார். ஐந்தாம் கிணற்றில் பாட்டிலை இறக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆறாவது மாதத்தில் முதலாம் கிணறு நான்கு இலக்கத்தைத் தொட்டது. அதற்குப் பிறகு இறங்கவில்லை. ஊராரிடம் சொன்னேன். "படிச்ச பய பயமுறுத்துறான்," என்றார்கள். தினமும் காலையில் அதே கிணற்றில்தான் குடங்கள் வரிசையில் நின்றன. ஒருவர் முகமும் சுளிக்கவில்லை. கிணறு மாதாமாதம் உப்பை நோக்கி நகர்ந்தபோது அவர்கள் நாக்கும் கூடவே நகர்ந்திருக்கிறது. புதிய நான்காம் இயலில் அந்த ஏற்றத்தின் கோடு மட்டும் இருக்கிறது. நாக்கைப் பற்றி எழுத அதில் இடமில்லை.

கடைசியில் வாய்மொழித் தேர்வு நடந்தது. வேன் வந்தது. அம்மா, உறவுக்காரர்கள் என்று பின்வரிசை நிறைய ஊர்க்காரர்கள். அய்யா சொன்னபடியே இரண்டு கேன் தண்ணீரோடு இறங்கினார். "இங்க தண்ணி வச்சிருக்காங்கய்யா," என்றேன். "இருக்கட்டுமே. நம்மளும் வைப்போம்," என்று துடைத்த எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, முன்வரிசையில் தேர்வாளருக்கு எதிரே தானே கொண்டுபோய் வைத்தார்.

நான் ஒரு மணி நேரம் பேசினேன். தேர்வாளர் கேள்விகள் கேட்டார், பதில் சொன்னேன். முதல் கிணற்றின் கோடு திரையில் வந்தபோது அவர் டம்ளரை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். இரண்டாவது வாயைக் கொஞ்சம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார். திரையைப் பார்த்தார். டம்ளரைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்துத் தள்ளிவிட்டார்.

"நல்லாருக்குங்களா?" என்றார் அய்யா, பின்வரிசையிலிருந்து.

"நல்லாருக்குங்கய்யா," என்றார் அவர்.

பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார்கள். கைதட்டினார்கள். என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று சேர்த்து மேடம் முதல் முறையாகக் கூப்பிட்டார். அம்மா அழுதாள். அய்யா மேசையருகே போய் டம்ளரைக் கையில் எடுத்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார்.

வேனில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பரமக்குடி தாண்டியது. பிறகு மெல்லக் கேட்டார்.

"அவரு ஏன்டா மிச்சம் வச்சாரு?"

"தாகம் அடங்கியிருக்கும்யா."

"ரெண்டு வாயிலயா?"

காலடியில், காலியாகாத கேன் ஒவ்வொரு பள்ளத்துக்கும் குலுங்கிக்கொண்டே வந்தது.