மடைக்கல்லில் இல்லாத விளக்கு

இங்கிலாந்தில் ஆறு பெண்டாட்டி கட்டிய ராஜா ஒருவர் இருந்தார். அந்த ஆறு பேரின் பெயரையும், யாரைத் தள்ளி வைத்தார், யாருடைய தலையை எடுத்தார் என்பதையும் இன்றைக்கும் வரிசை பிசகாமல் சொல்வேன். திருவனந்தபுரத்தில் பி.ஏ. படித்தபோது மனப்பாடம் செய்தது. நாகர்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சராகச் சேர்ந்த பிறகு அதையேதான் பிள்ளைகளுக்கும் உருப்போடக் கொடுத்தேன். எங்கள் ஊர்க் குளத்துக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களில் ஒருத்தி கேட்டிருந்தால், பரீட்சைக்கு வராததைக் கேட்காதே என்று உட்காரச் சொல்லியிருப்பேன். ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்டது என் மயினி.

மயினி என்றால் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி இல்லை. பக்கத்து வீட்டுக்காரி. அவளுடைய புருஷன் எனக்கு அண்ணன் முறை. கல்யாணமான ஏழாம் வருஷம் அவர் காய்ச்சலில் போய்விட்டார். ஒரு மகள். மாமனார் நல்ல மனிதர். தான் கண்ணை மூடுவதற்கு முன்பே பத்து மரக்கால் விதைப்பாடு வயலை மருமகள் பேருக்கு எழுதி வைத்துவிட்டார். அந்த நன்றியை மயினி மறக்கவில்லை. ஆடி அமாவாசைதோறும் அவருக்கு இலை போட்டு, அவருக்குப் பிடித்த தீயல் குழம்பு வைத்து, அவர் சாப்பிட்டு எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பாள். நான் பார்த்திருக்கிறேன்.

வயல் நல்ல வயல்தான். ஆனால் இருந்த இடம் கடைசி. குளத்திலிருந்து வரும் தண்ணீர் மேல் வயல்களை நிறைத்து, வழிந்து, மிச்சமிருந்தால் அவள் வயலுக்கு வரும். நாஞ்சில் நாட்டில் வருஷத்துக்கு இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். புரட்டாசியில் அறுப்பது கன்னிப்பூ, மாசியில் அறுப்பது கும்பப்பூ. மழை பெய்யும் வருஷங்களில் முதல் வயல், கடைசி வயல் என்ற பேச்சே கிடையாது. திருவிதாங்கூர் ராஜா ராஜப்பிரமுகர் ஆகி இரண்டு வருஷம் கழிந்திருக்கும், அந்த ஐப்பசியில் மழை ஏமாற்றிவிட்டது. குளத்தில் பாதி கூட இல்லை. கும்பப்பூவுக்குப் பாவிய நாற்று வளர்ந்து நிற்கிறது. மேல் வயல்காரர்கள் மடையைத் திறந்து பாய்ச்சத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் மயினி ஒரு பேச்சை எடுத்தாள். மழை பொய்த்த வருஷத்தில் கும்பப்பூ நடவுக்கு முதல் இரண்டு பகல் தண்ணீர் கடைசி வயலுக்குத்தான் என்று மாமனார் சொல்லியிருக்கிறாராம். அவருக்கு அவருடைய அப்பா சொன்னது. மடைக்கல்லில் அப்படி எழுதியிருக்கிறதாம்.

மடைக்கல்லை எல்லோருக்கும் தெரியும். மடைக்குப் பக்கத்தில் இடுப்பளவு உயரத்தில் நிற்கும் கல். உச்சியில் சூரியனும் சந்திரனும் கொத்தியிருக்கும். அதற்குக் கீழே எழுத்து. எங்கள் ஊர் அதில் எருமை கட்டும், துணி காயப்போடும். வாசிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை. அதை ஒரு குறையாகவும் யாரும் நினைத்ததில்லை.

கோயிலுக்கு முன்னால் ஊர் கூடியது. பெண்கள் அங்கே வாய் திறப்பது வழக்கமில்லை. மயினி ஓரமாக நின்றுகொண்டு, ஒரு சொந்தக்காரர் மூலமாகத் தன் பேச்சைச் சொல்ல வைத்தாள். மேல் வயலில் பாதிக்குச் சொந்தக்காரர் பெரிய வீட்டுக்காரர். சண்டைக்காரர் அல்ல, கணக்காகப் பேசுகிறவர். கல்லில் அப்படி இருந்தால் தன் மடையை அடைத்துவிட்டுக் கடைசி வயலுக்கு விடுவதாகச் சபையில் வாக்குக் கொடுத்தார். ஆனால் வாசிப்பது யார்? ஒருவர் திருவனந்தபுரத்தில் இதற்கென்று ஒரு ஆபீஸ் இருப்பதாகவும், ஒரு கடிதம் போட்டால் ஆள் வரும் என்றும் சொன்னார். அதற்குள் நாற்று முற்றிவிடுமே என்றார் இன்னொருவர். பெரிய வீட்டுக்காரர் என் அப்பா இருந்த பக்கம் திரும்பினார்.

"நம்ம ஊருல பி.ஏ. இருக்கச்சில திருவனந்தபுரத்துக்கு எதுக்குவே ஆள் விடணும்? டீச்சர் வாசிக்கட்டும். அவ்வோ சொன்னா நான் கேக்கேன்."

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் ஊர் வாசகசாலையில் 'நமது ஈராயிரம் ஆண்டுப் பெருமை' என்று நான் ஒரு பிரசங்கம் செய்து கைதட்டு வாங்கியிருந்தேன். கடிதம் போடத் தேவையில்லை, நானே பார்க்கிறேன் என்று, மயினி பக்கத்தில் நின்றபடியே அப்பாவிடம் சொல்லி அனுப்பினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானாகவே சொன்னேன்.

மறுநாள் சனிக்கிழமை. நான் போவதற்கு முன்பே மயினி கல்லைத் தேங்காய்ச் சகிரி நாரால் தேய்த்துக் கழுவி, எழுத்துத் தெரிவதற்காக அரிசி மாவைக் குழைத்துப் பூசி வைத்திருந்தாள். உச்சியில் ஒரு பொட்டு, ஒரு செம்பருத்திப்பூ. கூட்டம் நின்றது. நான் கல்லுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

முறுக்குப் பிழிந்து வைத்ததுபோல வட்டம் வட்டமாக இருந்தது. ஒரு எழுத்துக்கூட எனக்குத் தெரியவில்லை. ஒன்றுகூட. இதற்கு வட்டெழுத்து என்று பெயர் என்பது தெரியும். பரீட்சையில் இரண்டு மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாது என்று சொல்வார்கள். என் சுரைக்காய் ஏட்டில்கூட முழுசாக இல்லை.

அந்த இடத்தில் எழுந்து, எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இரண்டு பேர் சிரித்திருப்பார்கள். அப்பாவுக்குக் கொஞ்சம் முகம் வாடியிருக்கும். கடிதம் போயிருக்கும். இதையெல்லாம் நான் அப்போதே யோசித்தேன் என்பதுதான் கொடுமை. யோசித்தபடியே உதட்டை அசைத்து வாசிப்பதுபோல நடித்தேன். விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தினேன். கல்வெட்டுகளில் பெரும்பாலானவை கோயில் விளக்குக்குக் கொடுத்த தானங்கள் என்று எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. அது நினைவுக்கு வந்தது. வந்திருக்க வேண்டாம்.

"கோயிலுக்கு நந்தா விளக்கு வச்ச கல்லாக்கும் இது. ஒரு ராசா நெய்க்காக ஆடு குடுத்திருக்காரு. தண்ணியப் பத்தி ஒண்ணும் இல்ல" என்றேன்.

கூட்டத்தில் யாரோ எத்தனை ஆடு என்று கேட்டார்கள். ஐம்பது என்றேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. பொய்தான் சொல்கிறோம், அதில் ஆட்டை எண்ண வேறு செய்தேனே.

மயினி எனக்குப் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"தண்ணின்னு ஒரு சொல்லுகூட இல்லியா பிள்ளே?"

"இல்ல மயினி."

அவள் வாளியை எடுத்துக்கொண்டாள். பின்னால் ஒருவர், கிழவன் நன்றாகத்தான் கதை விட்டிருக்கிறான் என்று சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். பெரிய வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. கல்லை ஒரு தடவை கும்பிட்டுவிட்டு மடையைத் திறக்கப் போனார். மயினி அந்தச் சிரிப்புக்குள்ளேயே நடந்து வீட்டுக்குப் போனாள்.

அந்த வருஷம் அவள் வயலில் நடவு இல்லை. நாற்றைப் பசுமாட்டுக்குப் பிடுங்கிப் போட்டாள். அடுத்த வருஷமும் மழை சரியில்லை. பிறகு வயலைப் பெரிய வீட்டுக்காரருக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, நெய்யூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். போகிறபோது என்னிடம் ஒரு வருத்தமும் காட்டவில்லை. நன்றாகப் படி, நாலு பேருக்குச் சொல்லிக் கொடு என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் ஒருவேளை அது நிஜமாகவே விளக்குக் கல்லாகத்தான் இருக்கும் என்று எனக்கே சொல்லிச் சொல்லி, கடைசியில் நம்பவும் செய்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைக்கிறவளே சோறு பரிமாறுகிறவளாகவும் இருந்தால் கொஞ்ச காலம் மறைக்கலாம்.

நாலு வருஷம் போயிற்று. எங்கள் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேரப்போகின்றன என்று ஊரெல்லாம் பேச்சு. திடீரென்று எல்லோருக்கும் சரித்திரம் வேண்டியிருந்தது. சாயாக்கடை பெஞ்சில் சேரனும் பாண்டியனும் சண்டை போட்டார்கள். பிரசங்கத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள், நானும் போனேன். அந்தப் பங்குனியில்தான் கல்வெட்டுப் படியெடுக்கும் அதிகாரி ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தார். ஈரக் காகிதம், மயிர் பிரஷ், மசி. கல்லில் காகிதத்தை ஒட்டித் தட்டி, மேலே மசி ஒற்றி, எழுத்தை வெள்ளையாக எடுப்பார். டீச்சர் என்ற முறையில் கூட நின்றேன். நின்றதோடு விட்டேனா? இது விளக்குத் தானக் கல் என்று அவருக்கு நானே முன்கூட்டிச் சொன்னேன்.

அவர் காகிதத்தை உரித்து வெளிச்சத்தில் பிடித்து, மெதுவாக, நாம் தினப்பத்திரிகை வாசிப்பதுபோல வாசித்தார். ஊரார் கூடிச் செய்த ஏற்பாடு. மழை தவறிய வருஷத்தில் கும்பப்பூ நடவுக்கு முதல் இரண்டு பகல் நீர் கடைசி வயலுக்கு. மேல் வயலுக்கு அதற்குப் பிறகு. இதற்கு விரோதம் செய்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்.

"விளக்கு?" என்றேன்.

"விளக்கே இல்லையே அம்மா" என்றார்.

அவர் இன்னொன்றும் சொன்னார். இந்த எழுத்து ஏதோ இரண்டாயிரம் வருஷத்துப் பழசு இல்லையாம். எங்கள் பக்கத்தில் ஐந்தாறு தலைமுறைக்கு முன்புகூட நிலப் பத்திரம் இதில்தான் எழுதினார்களாம். அப்படியானால் என் முப்பாட்டனின் அப்பாவோ தாத்தாவோ வாசித்திருப்பார். ஈராயிரம் ஆண்டுப் பெருமை பேசிய எனக்கு இருநூறு வருஷத்துக்கு முந்திய கையெழுத்துத் தெரியவில்லை. அவர் வாசித்ததை ஒரு தாளில் நம் எழுத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

முதலில் பெரிய வீட்டுக்காரரிடம்தான் போனேன். தாளை இரண்டு முறை வாசித்தார். கோபப்படவில்லை. இப்போது மேல் வயலும் தனக்கு, கடைசி வயலும் தனக்கு, எதற்கு முதலில் விட்டால் என்ன என்று கேட்டார். தாளை வாங்கிக்கொண்டு எழுந்தேன். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, அன்றைக்கு டீச்சர் சொன்னதால்தான் மடையைத் திறந்தேன் என்று மட்டும் சொன்னார்.

நெய்யூருக்குப் போக மூன்று ஞாயிற்றுக்கிழமை தள்ளிப் போட்டேன். ஒரு வாரம் தலைவலி, ஒரு வாரம் பரீட்சைத் தாள், ஒரு வாரம் ஒன்றுமே இல்லை. நாலாவது ஞாயிற்றுக்கிழமை வடசேரியில் பஸ் ஏறினேன். மயினி முற்றத்தில் உட்கார்ந்து மரச்சீனிக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். யாரிடம் வழி கேட்டாய், எப்படி வந்தாய், ஏன் மெலிந்துவிட்டாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தச் சந்தோஷம் இருக்கும்போது சொல்ல முடியாது. அது இல்லாமல் போனால் சொல்லவே முடியாது. தாளை எடுத்து வாசித்தேன்.

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது மயினி. அன்னைக்கும் தெரியாது" என்றேன்.

அரிவாள்மணையை மடக்கி ஓரமாக வைத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கேட்டது வயலைப் பற்றி இல்லை.

"அப்போ எங்க மாமா பொய்யி சொல்லல்ல, இல்லியா?"

"இல்ல மயினி."

"நாலு வருசமாட்டு அவ்வோளுக்கு நான் எலை போடல்ல, மக்கா. கதை விட்டு என்னைய ஊரு சிரிக்க வச்சிட்டுப் போயிட்டாருன்னு அவ்வளவு கோவம் எனக்கு." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள். "தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தியானா, திருவனந்தபுரத்துக்கு நானே வண்டி ஏறிப் போயிருப்பேனே."

மன்னித்துக்கொள் என்று நான் சொன்னேனா என்பது நினைவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் காதில் வாங்கவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போனாள். ஆடி அமாவாசைக்கு இன்னும் மூன்று மாதம் கிடந்தது. அதுவரை மாமாவைப் பட்டினி போட முடியாது என்று மகளிடம் சொல்லுவது கேட்டது. தேங்காய் வறுக்கும் மணம் வந்தது. தீயல் வைத்து, உள்ளறையில் வாழையிலை போட்டு, சோறும் கறியும் விளம்பி, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு வந்து வெளியே நின்றாள். மகளும் நின்றாள். நானும் நின்றேன். முன்னெல்லாம் நின்றதைவிட வெகுநேரம் நின்றாள். நாலு வருஷத்துப் பசி இருக்கும் அல்லவா என்றாள்.

பிறகு எனக்கும் இலை போட்டாள். கை கழுவி வந்து உட்கார்ந்தேன். தீயலை ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்து, உப்பு காணுமா, இன்னும் வேணுமா என்று கேட்டாள். வாயில் போட்டது புளியா உப்பா என்றே பிடிபடவில்லை.

"தெரியல்ல மயினி" என்றேன்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சட்டியிலிருந்து ஒரு துளி உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது, சாப்பிடு என்றாள்.